பற்சக்கரமும் கணிப்பொறியும்

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கொட்டாம்பட்டியைக் கடப்போர் கரும்புச் சாறு பிழியும் பொறியைக் கண்டிருப்பர். அதன் உருளைகளை எதிரெதிராகச் சுழற்றுபவை அவற்றின் முனையில் பொருத்திய பற்சக்கரங்களாகும். பல்லின் பக்கம் முறையான வளைவில் அமைந்திருப்பின், உருளைகளின் இடைவெளியைச் சற்றே கூட்டினும் சுழற்சி விகிதம் மாறுவதில்லை. உருளையில் சுற்றிய நூலை விறைப்பாகப் பிடித்துப் பிரிக்குங்கால் நூலின் நுனி வரையும் கோடே அவ்வளைவு, இன்வலூட் என்பர். அதனைப் பற்சக்கரத்திற்கு உகந்ததென 18ஆம் நூற்றாண்டில் கண்டவர் கணித மேதை ஆய்லர்.

இவ்வளைவைக் கையால் வரைதல் பெருந்தொல்லை. பற்களின் எண்ணிக்கை ஒன்று மாறினும் படம் முழுவதையும் மீண்டும் வரைதல் வேண்டும். ஆனால் பற்சக்கரத்தின் அளவுகள் தனித்தனியானவை அல்ல. பல்லின் பருமனைக் குறிக்கும் மாட்யூல் 3, பற்கள் 20 எனின், பற்கள் இணையும் வட்டத்தின் விட்டம் 60 மி.மீ.; வெளிவிட்டம் 66; பல்லடி விட்டம் 52.5. அனைத்தும் இரண்டு எண்களின் பிள்ளைகள்! படத்தைக் கோடுகளாக அன்றி இத்தகைய உறவுகளாகவே கணிப்பொறியில் சேமிப்பதுதான் அளவுரு வடிவமைப்பு. 1963இல் அமெரிக்காவில் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் இதற்கு வித்திட்டது. 1988இல் வந்த புரோ இன்ஜினியர் இதனைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு சென்றது. இன்று விலையின்றிக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளிலும் எண்ணை மாற்றினால் சக்கரம் தானே மாறும்.

கோயம்புத்தூரின் சாந்தி கியர்ஸ் போன்ற பெருநிறுவனங்கள் ஒருபுறமிருக்க, நம் ஊர்ப்புற லேத் பட்டறைக்கு இதனால் என்ன பயன்? பழைய ஆங்கிலேயப் பொறியொன்றின் 24 பற்சக்கரம் உடைந்து வருகிறது எனக் கொள்வோம். செய்த நிறுவனம் இன்றில்லை. மாற்று உறுப்பும் இல்லை. அங்குல முறையில் 10 பிட்ச் எனில் மாட்யூல் 2.54. தேய்ந்த சக்கரத்தை அளப்பவர் 2.5 என்றே எண்ணுவார். வெளிவிட்டத்தில் வேறுபாடு ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. எனினும் பல்லுக்குப் பல் 0.13 மி.மீ. பிசகி, இரைச்சலிட்டு, இணைச் சக்கரத்தையும் தின்றுவிடும். இரு அளவுகளையும் திரையில் வரைந்து, உடையாத இணைச் சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தால் பிசகு உடனே புலப்படும். எண்ணைத் திருத்த ஒரு நொடி போதும்; ஆனால் வெட்டும் கருவியும் 10 பிட்ச் ஆகவே இருத்தல் வேண்டும். பட்டறைக்காரர் அதனைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கும்.