களப்பங்கரையில் கடைசிப் பருவம்

பல்கலைக்கழக வாழ்வின் இறுதி நாட்கள் என்றவுடன் கறுப்பு அங்கியும் நிழற்படமும் பிரியாவிடை விருந்துமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். விஞ்ஞானம் பயிலும் மாணவரைப் பொறுத்தவரையில் அது முழு உண்மையன்று. அவர்களுடைய கடைசி மாதங்களை ஆட்சி புரிவது ஆய்வேடு. அந்த ஆய்வைப் புத்தளக் கரையோரத்தில் மேற்கொள்ளும் மீன்வள மாணவருக்கோ அம்மாதங்கள் உவர் நீரோடும் சேற்றோடும் கழிகின்றன.

1999ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வயம்ப பல்கலைக்கழகத்தின் மீன்வளக் கல்வி மாக்கந்துரையில் நடைபெறுகின்றது. அங்கிருந்து பஸ் ஏறினால் சிலாபத்தையும், அதற்கு வடக்கே ஆராச்சிக்கட்டு, முந்தல் வழியாகத் தொடரும் இறால் பண்ணைகளையும் அடையலாம். இன்னும் வடக்கே சென்றால், 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புள்ள புத்தளம் களப்பு. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதில் வந்து கலக்கின்றன. ஆயினும் கோடையில் ஆற்று நீர் குறைந்து, வெயில் களப்பு நீரைக் குடித்துவிடுகின்றது. கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்பர். களப்பின் உட்பகுதிகளில் அக்காலத்தில் அதனையும் விஞ்சிய உப்பு இருக்கும். புத்தளத்தில் உப்பளங்கள் செழித்ததற்குக் காரணமும் இதுவே அன்றோ!

மாணவர் பண்ணைக் குளத்தில் அளப்பவற்றுள் உப்பும் ஒன்று. நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் மற்றொன்று. பகலில் நீரிலுள்ள நுண்பாசி ஒட்சிசனை உண்டாக்குகின்றது. இரவில் பாசியும் இறாலும் அதனைச் செலவழிக்கின்றன. ஆகவே விடியற்காலையிலேதான் அது மிகக் குறைந்திருக்கும். நீரைக் கலக்கும் துடுப்புச் சக்கரங்கள் இரவெல்லாம் சுழல்வதும், பட்டதாரியாகப் போகும் பிள்ளை பொழுது புலருமுன் கையில் விளக்கோடு குளக்கட்டில் நிற்பதும் இதனாலேயே. விடுதி நண்பர்கள் அவ்வேளையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பர். அல்லது, உண்மையைச் சொல்வதானால், உறங்கிக்கொண்டிருப்பர்.

இங்கே இரு நாட்காட்டிகள் மோதுகின்றன. பல்கலைக்கழகப் பருவம் பெரும்பாலும் 15 வாரம். குஞ்சு விட்ட நாள் முதல் கறுப்புப் புலி இறால் விற்பனைக்கு வளர ஏறக்குறைய நான்கு மாதம் வேண்டும். குஞ்சு விடும் நாளையும் பண்ணையாளர் விரும்பியபடி தீர்மானிக்க இயலாது. ஒல்லாந்தர் கால்வாயிலும் அதனோடு சேர்ந்த நீர்நிலைகளிலுமிருந்து நீரெடுக்கும் பண்ணைகள் பல, கழிவு நீரையும் அங்கேயே விடுகின்றன. ஒருவர் குளத்து நோய் ஊரார் குளத்து நோயாகிவிடும். 1996இல் வெண்புள்ளி நோய் இக்கரையோரப் பண்ணைகளைப் பாழாக்கிய பின் கற்ற பாடத்தின் பயனாக, வலயம் வலயமாக முறைவைத்துக் குஞ்சு விடும் வழக்கம் ஏற்பட்டது. தேர்வுத் திகதியை அந்த முறை அறியாது.

வெண்புள்ளி நோய் வந்தால் இறால் இரை எடுக்காது. கரையோரம் வந்து ஒதுங்கும். ஓட்டில் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றும். சில நாட்களுக்குள் பெரும்பகுதி மடியும். நோயுற்ற குளத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லாமையால், தேறும் இறாலை உடனே பிடித்து விற்பதைத் தவிரப் பண்ணையாளருக்கு வேறு வழி கிடையாது. கடன்பட்டுக் குஞ்சு விட்டவருக்கு அது பேரிழப்பு. அதே குளத்தில் ஆய்வு நடத்தும் மாணவருக்கு, எட்டாம் வாரத்தோடு அட்டவணை நின்றுவிடும்.

எஞ்சிய வாரங்களுக்கு அட்டவணையில் வெற்றுக் கட்டங்கள். வாய்மொழித் தேர்வோ நெருங்குகின்றது. முந்திய வாரங்களின் போக்கைப் பார்த்து எண்களை இட்டு நிரப்புவது கடினமான வேலையன்று. குளம் வற்றிவிட்டதாதலால் சரிபார்ப்பாரும் இல்லை. நான்கு ஆண்டுப் படிப்பில் மாணவரை இவ்வளவு தனிமையில் நிறுத்தும் தேர்வு வேறில்லை எனலாம். கட்டங்களை வெறுமையாகவே விட்டு, நோய் கண்ட நாளையும் அதற்கு முன்னைய நீரின் நிலையையும் எழுதிவைப்பதே முறை. பண்ணையாளருக்குப் பயன்படக்கூடியதும் அந்த எட்டு வாரக் கணக்கே. நோய்க்கு முன் நீர் எப்படியிருந்தது என்பதைத்தானே அவர் அறிய விரும்புகின்றார்!

ஆனால் ஆய்வேடு ஆங்கிலத்தில் அமைந்து நூலகத் தட்டுக்குப் போய்விடுகின்றது. மேலங்கி அணியும் பட்டமளிப்பு விழா பெரும்பாலும் பல மாதங்கள் கழித்தே நடக்கும். அதற்குள் மாணவர் திசைக்கொருவராகப் பிரிந்திருப்பர். ஆகையால் ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கும் விடுதியைக் காலி செய்வதற்கும் இடையிலுள்ள சில நாட்களே மிஞ்சுகின்றன. அந்நாட்களில் சிலர் மீண்டும் ஒருமுறை பஸ் ஏறிப் பண்ணைக்குப் போகின்றனர். கையில் ஒரு தாள். தமிழிலோ சிங்களத்திலோ எழுதிய எட்டு வாரக் கணக்கு. குளத்தில் அப்போது அடுத்த போகத்துக்கு நீர் நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.