அடையாளம் தெரியாத விமானம்



லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே ரயில் பாதையோரம் இருக்கும் சிற்றூர் எங்கள் பெக்கோக். இங்கே தோட்டப் பள்ளியில் பாடம் நடக்கும்போது சிறு விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனால் போதும், பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவிடுவார்கள். ஒரு நாள் ஒரு மாணவன் கேட்டான்: "ரோட்டிலே போலீஸ் மறிக்கிற மாதிரி ஆகாயத்திலே யார் மறிப்பாங்க?" அந்தக் கேள்விக்கு இன்று விடை காண்போம்.

ஆகாயத்திலும் மறிப்பதுண்டு. 2008 ஜனவரி 22ஆம் நாள், தாய்லாந்தின் சாமுயி தீவிலிருந்து ஒரு செஸ்னா விமானம் பயணத் திட்ட அனுமதியின்றிச் சிங்கப்பூரை நெருங்கியது. எஃப்-16 போர் விமானங்கள் எழும்பின. சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 50 நிமிடம் மூடப்பட்டது. செஸ்னா சாங்கியில் இறக்கப்பட்டது. ஒரு சிறு விமானத்துக்காக இத்தனை அமளியா என்று தோன்றலாம். ராடார் திரையில் அது வெறும் புள்ளிதானே! உள்ளே இருப்பவர் உல்லாசப் பயணியா, கடத்தல்காரரா என்று அந்தப் புள்ளி சொல்லாது.

அவசர காலத்தை அனுபவித்த நம் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அன்று வேலைக்குப் போகிறவர்களிடம் அடையாளக் கார்டு கேட்டார்கள். காட்டிலிருந்தவர்களுக்கு அரிசி போகிறதா என்று சோதித்தார்கள். கார்டை வீட்டில் மறந்தவர் குற்றவாளியல்ல. ஆனாலும் மறந்தவருக்கும் மறைத்தவருக்கும் வித்தியாசம், சோதனை செய்பவருக்கு உடனே தெரியாது.

போதைப்பொருள் கடத்துவோர் தாழப் பறப்பார்கள், விளக்கை அணைப்பார்கள், வானொலியில் பேசமாட்டார்கள். நேர்மையான விமானியும் அசட்டையால் இப்படிப் பறந்தால் அவர் மீதும் சந்தேகம் விழும். ஆகவே புறப்படுமுன் பயணத் திட்டம் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி, தரையிலுள்ள ராடாருக்குத் தன் குறியீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை இயக்கத்தில் வைக்க வேண்டும். பாதை மாறினால் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் போர் விமானம் வந்துவிட்டால்? அது பெரும்பாலும் நம் இடப்புறம், சற்று மேலே, முன்னால் வந்து இறக்கைகளை ஆட்டும். 'என் பின்னால் வா' என்பது அதன் பொருள். நம் விமானி பதிலுக்குத் தம் இறக்கைகளை ஆட்டி, பின்தொடர வேண்டும். 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசித் தாம் யார் என்று சொல்ல வேண்டும். வேறு கட்டளை இல்லாவிட்டால் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்று வைக்க வேண்டும். போர் விமானம் சட்டென்று திரும்பி மேலே ஏறிப் பிரிந்தால், 'நீ போகலாம்' என்று அர்த்தம். உலகெங்கும் இதே சைகைதான். ஆங்கிலம் தடுமாறினாலும் சைகை தடுமாறாது.

மறிப்பவருக்கும் விதி உண்டு. 1983இல் கொரிய பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் மாண்டனர். அதன்பின், 1984இல், பறக்கும் சிவில் விமானங்கள் மீது ஆயுதம் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. விதி இருந்தும் 2001 ஏப்ரலில் பெரு நாட்டில் என்ன நடந்தது? மதப்பணியாளர்கள் சென்ற சிறு விமானத்தைக் கடத்தல் விமானம் என்று எண்ணிச் சுட்டார்கள். ஒரு தாயும் அவருடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். விமானி நகரத்துக் கோபுரத்துடன் பேசிக்கொண்டுதான் இருந்தார். போர் விமானத்தின் எச்சரிக்கையோ வேறு அலைவரிசையில் போய்க்கொண்டிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு மனம் பதறுகிறது.

தரையிறங்கியபின் அதிகாரிகள் சோதிக்கலாம். வீண் தாமதம் மட்டும் கூடாது என்கிறது அதே உடன்படிக்கை. பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, விமானி உரிமம், பயணக் குறிப்பேடு, பயணிகள் பட்டியல் ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். தெரியாததை ஊகித்துச் சொல்வது வம்பில் மாட்டும்.

'நாம் தவறு செய்யவில்லையே, ஏன் இறங்க வேண்டும்?' என்று ஆகாயத்தில் வாதாடலாமா? 2014 அக்டோபரில், சிபுவிலிருந்து சிங்கப்பூரின் செலேத்தாருக்குச் சென்ற பயிற்சி விமானம் ஒன்றை இந்தோனேசியப் போர் விமானங்கள் பொந்தியானாக்கில் இறக்கின. அனுமதி தேவையா இல்லையா என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு. விமானிகள் பணிந்து இறங்கினார்கள். வழக்கைத் தரையில் பேசிக்கொண்டார்கள்.