குறைமாதக் குழந்தையின் குடலுக்கு ரத்தம் குறையும்போது

குறைமாதத்தில் பிறந்து, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையோடு இருக்கும் குழந்தைகளுக்கு வரும் குடல் நோய்களில் மிகக் கொடியது ‘நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ்’. மருத்துவமனைகளில் சுருக்கமாக ‘நெக்’ என்பார்கள். குடலின் உட்சுவர் வீங்கி, திசு செத்து, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடும். இந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது வருகிறது; வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தை இறந்துவிடுகிறது.

பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியும் பெருங்குடலின் தொடக்கமும்தான் கெடும். இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோவது, மகாதமனியிலிருந்து கிளைக்கும் மேல் குடல்தமனி. பால் குடித்ததும் செரிமானத்துக்காக இதில் ரத்த ஓட்டம் கூட வேண்டும். குறைமாதக் குழந்தையிடம் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடும் சுருக்கும் எண்டோதெலினும் இன்னும் ஒரு சமநிலைக்கு வந்திருக்காது; அதனால் அந்த ஓட்டம் போதிய அளவு கூடாமல் போகலாம்.

சிக்கல் கருவிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாவிட்டால், கிடைக்கும் ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் போய், குடலுக்குக் குறைந்துவிடும். டாப்ளர் ஸ்கேனில், இரு துடிப்புகளுக்கு இடையே தொப்புள்கொடித் தமனியில் ரத்தம் நின்றுவிடுவதோ, பின்னோக்கி ஓடுவதோ தெரியும். பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய ‘டக்டஸ்’ என்ற ரத்தக்குழாய் திறந்தே இருந்தாலும், குடலுக்கான ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் திரும்பிவிடும்.

இதையெல்லாம் வைத்து, ரத்தக் குறைவே மூலகாரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது மட்டுமே காரணமென்றால் நோய் முதல் ஓரிரு நாளிலேயே வந்தாக வேண்டும். மிக முன்னதாகப் பிறந்தவர்களுக்கோ இரண்டு, மூன்று வாரம் கழித்து, பால் கொடுக்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் வருகிறது. அதற்குள் குடலில் கிருமிகள் குடியேறியிருக்கும். முதிராத குடல் செல்கள் அவற்றை அளவுமீறி எதிர்க்கின்றன. அந்த அழற்சி ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ரத்தம் குறையக் குறைய அழற்சி இன்னும் முற்றுகிறது.

நோய் வந்தால் வயிறு உப்பி மினுமினுக்கும். இரைப்பைக் குழாயில் பச்சை நிறத் திரவம் வரும், மலத்தில் ரத்தம் தெரியும், குழந்தை திடீரென மூச்சை நிறுத்தும். எக்ஸ்ரேயில் குடல்சுவருக்குள்ளேயே வாயுக் குமிழிகள் வரிசையாகத் தெரிந்தால் நோய் உறுதி. உடனே பாலை நிறுத்தி, ரத்தக்குழாய் வழியே ஊட்டச்சத்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றுவார்கள். குடல் ஓட்டையானால் செத்த பகுதியை வெட்டி எடுக்க நேரும். அதிகம் வெட்டப்பட்ட குழந்தைக்குச் சத்தை உறிஞ்சும் திறன் வெகுகாலம் குறைந்தே இருக்கும்.

தடுக்கும் வழிகளில் தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. 1990இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களைவிடப் புட்டிப்பால் மட்டும் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு நெக் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்தது. ஆரம்ப நாட்களில் சில மில்லிதான் கிடைக்கும். அதுகூடக் குடலுக்கு மருந்து. இதை எந்தத் தாயும் வீணென்று எண்ணிக் கறக்காமல் விட்டுவிடக் கூடாது. டாப்ளரில் கோளாறு தெரிந்த குழந்தைகளுக்குப் பாலைத் தள்ளிப்போடுவது முன்பு வழக்கம். அவர்களுக்கு 2ஆம் நாளில் பால் தொடங்குவதையும் 6ஆம் நாளில் தொடங்குவதையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2012இல் வெளியானது. முன்னதாகத் தொடங்கியதால் நெக் கூடவில்லை. முழுப் பாலுக்கும் விரைவாக வந்துவிட்டார்கள். தாய்க்குப் பால் போதாதபோது தாய்ப்பால் வங்கிப் பால் கைகொடுக்கிறது. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது.