இணையப் பழக்கமும் சமூக உறவுகளும்: கண்டிப் பிரதேசம் பற்றிய சில குறிப்புகள்

இணையத்தை அளவிறந்து பயன்படுத்துவதைத் தனிமனித நோயாகக் காணும் கருத்து அண்மைக் காலத்தது. அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1996இல் இதனை ஆய்வுப் பொருளாக்கியபோது, சூதாட்ட வெறிக்கு வகுக்கப்பட்டிருந்த அளவுகோல்களையே தழுவிக்கொண்டார். தென்கொரியா 2011இல் நள்ளிரவின் பின் இணைய விளையாட்டுக்களைச் சிறுவர்க்குத் தடைசெய்தது. பத்தாண்டின் பின் அச்சட்டத்தைக் கைவிட்டது. வளர்ந்தோரைப் பற்றி அச்சட்டம் பேசவேயில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலிலும் விளையாட்டுக் கோளாறு உண்டு. பொதுவான இணைய அடிமைத்தனம் இல்லை.

இவ்வளவுகோல்கள் பெரிதும் நேரத்தையும் கட்டுப்பாட்டையும் கணிப்பவை. யாருடன், எதற்காக என்பது அவற்றுள் அடங்குவதில்லை. தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, இங்கே தோட்டத்து லயத்தில் இரவெல்லாம் தொலைபேசியுடன் இருக்கும் குடும்பத்தை எந்த நோயின் கீழ் அடக்குவது?

2018 மார்ச் தொடக்கத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை ஆகிய இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டமை இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. அதற்குச் சில நாட்கள் முன் அம்பாறையில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி முகநூல் வழியே பரவியிருந்தது. அத்தகைய மாத்திரை மருத்துவ அறிவியலில் இல்லை. அதைப் பகிர்ந்தோர் விடலைப் பிள்ளைகள் மட்டுமல்லர். இரண்டு நிமிடத்தில் பகிர்ந்துவிட்டு வேலைக்குச் சென்றவர், மேற்படி அளவுகோல்களின்படி பூரண சுகதேகியே!

இணையமே கலவரத்தை உண்டாக்கியது எனக் கூறுவதும் பொருந்தாது. 1915இல் இதே கண்டி நகரிலே, பள்ளிவாசல் முன்பாகச் சென்ற பௌத்த ஊர்வலம் தொடர்பில் மூண்ட கலவரம் சில நாட்களிலேயே கொழும்பை எட்டியது. உலகப் போர்க்கால விலையேற்றமும் கரையோர முஸ்லிம் வணிகர் மீதான வர்த்தகப் போட்டியும் அதன் பின்னணியாயிருந்தன. வதந்திக்கு அன்று வாயே போதுமானதாக இருந்தது. இன்று வேறுபடுவது, வதந்தியின் ஒவ்வொரு பகிர்வும் விளம்பர வருவாயாக மாறுவதாகும். பயனரை விடாது பிடித்து வைத்திருப்பதிலேயே அந்நிறுவனங்களின் இலாபம் தங்கியுள்ளது. சிங்கள மொழிப் பதிவுகளைக் கண்காணிக்கப் போதிய ஆளின்றியே முகநூல் இங்கு வணிகம் செய்தது. 2020இல்தான் மன்னிப்புக் கோரியது.

அரசு செய்தது யாது? மார்ச் 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. முகநூல் 15ஆம் திகதியே திறக்கப்பட்டது. தடையைத் தாண்டும் செயலிகளை அறிந்தோர் அவற்றின் வழியே தொடர்ந்து பதிவிட்டனர். அவற்றை அறியாத வீடுகளிலோ வளைகுடாவிலிருந்து வரும் இரவு அழைப்பு நின்றுபோயிற்று.