எஞ்சினுக்கு நாடி பார்க்கலாமா?

வீட்டுச் சலவை இயந்திரம் துணி பிழியும்போது சில நாள் தடதடவென்று ஆடுகிறதே, ஏன் தெரியுமா? ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து எடைச் சமநிலை குலைவதால்தான். தொட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை உதைக்கும். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20 உதை. அதாவது 20 ஹெர்ட்ஸ் அதிர்வு.

சாங்கியில் ஏறி இறங்கும் விமானங்களின் எஞ்சின்களையும் இந்தக் கணக்கை வைத்தே கண்காணிக்கிறார்கள். எஞ்சினின் மேலுறையில் முடுக்கமானி என்னும் சிறு உணரி உண்டு. அதிர்வு அதனுள்ளே உள்ள படிகத்தை அழுத்த, மின்னூட்டம் பிறக்கும். அந்தச் சைகையில் எல்லா அதிர்வுகளும் கலந்து கிடக்கும். ஃபூரியர் பகுப்பாய்வு என்ற கணித முறை அவற்றை அதிர்வெண் வாரியாகப் பிரித்துவிடும்.

ஏ380 விமானத்தின் டிரென்ட் 900 எஞ்சினில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தண்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. எந்தத் தண்டின் வேகத்துக்குரிய அதிர்வு கூடுகிறதோ, அங்கேதான் கோளாறு. பறவை மோதி முன்விசிறியின் தகடு வளைந்தால், விசிறித் தண்டின் அதிர்வெண்ணில் கோடு உயரும். எஞ்சினைப் பிரிக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது!

ஆனால் எல்லாமே இப்படி அகப்படுவதில்லை. 2010 நவம்பர் 4 அன்று, சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32 விமானத்தில் 469 பேர் இருந்தனர். பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டு பெரும் சத்தங்கள். இரண்டாம் எஞ்சின் சிதறி, துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் விமானம் சாங்கிக்கே திரும்பியது. யாருக்கும் காயமில்லை.

காரணம், ஒரு சின்ன எண்ணெய்க் குழாய். அதன் துளையை மையம் விலகிக் குடைந்திருந்ததால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, நாளடைவில் விரிசல் விட்டது. கசிந்த எண்ணெய் தீப்பற்றியது. சூட்டில் சுழலித் தட்டு தண்டிலிருந்து பிரிந்து, வேகம் மீறி வெடித்தது. குழாய் சுழலும் பாகமல்ல, கனமும் இல்லை. தண்டுகளைப் போல அது எஞ்சினை உதைக்காது. அதனால்தான் எண்ணெயின் அழுத்தம், வெப்பம் முதலியவற்றையும் அதிர்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு ரோல்ஸ் ராய்ஸ் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியது: தட்டு வேகம் மீறும் முன்பே எஞ்சினை அணைத்துவிட ஏற்பாடு.

கைப்பேசியிலும் முடுக்கமானி உண்டு. இயற்பியல் சோதனைச் செயலி ஒன்றைத் திறந்து, சலவை இயந்திரத்தின் மேல் வையுங்கள் (நழுவாமல் ஒட்டுநாடா போடுங்கள், இல்லையேல் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்). பிழியும் வேகத்தை 60-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணில் ஒரு கோடு எழும்புகிறதா, பாருங்கள்.