கரடி பேசிய மொழி

நான் வேலை பார்த்த முதியோர் இல்லம் மேற்கு வேல்ஸில், கார்மார்தன் நகரத்தை ஒட்டிய கிராமத்தில் இருந்தது. விருதுநகரிலிருந்து நர்ஸ் வேலைக்குக் கிளம்பியபோது, இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். போதாது என்பது முதல் வாரமே புரிந்துவிட்டது. தொண்ணூறைத் தொடப்போகும் ஒரு பாட்டிக்கு மறதிநோய் முற்றியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது. பிறந்த வீட்டில் பேசிய வெல்ஷ் மட்டும் தங்கியிருந்தது. பொழுது சாய்ந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகணும் என்று கதவைப் பிடித்து இழுப்பார். எஸ்-ஃபோர்-சி என்ற வெல்ஷ் சேனலில் 'பொபோல் அ கூம்' தொடர் தொடங்கிவிட்டால் அந்தத் தவிப்பு அடங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, 'பாக்' என்பார். நேர்ப்பொருள் 'சின்ன'. நம் பக்கம் 'கண்ணு' என்று கூப்பிடுவோமே, அதேதான்.

'பொபோல் அ கூம்' என்றால் பள்ளத்தாக்கு மக்கள். கூம்தேரி என்ற கற்பனைக் கிராமத்துக் கதை. அடுத்த வீட்டுச் சண்டை, கள்ளக் காதல், கடன், சாவு வீடு எல்லாம் உண்டு. 1974 அக்டோபரில் பிபிசியில் தொடங்கி, நான் பார்த்த காலத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. பிபிசி எடுத்த 'சோப் ஓபரா' வகைத் தொலைக்காட்சித் தொடர்களில் இவ்வளவு நீண்ட காலம் ஓடியது வேறு இல்லை. அந்தப் பாட்டிக்குக் கதை புரிந்திருக்காது. குரல்கள் புரிந்தன.

இந்தக் குரல்களுக்கென்று ஒரு சேனல் சும்மா கிடைத்துவிடவில்லை. வேல்ஸில் 1911இல் 100க்கு 43 பேர் வெல்ஷ் பேசினார்கள். 1961இல் அது 26 ஆகிவிட்டது. 1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஓர் உரை ஆற்றினார். இப்படியே விட்டால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் பேச்சுமொழியாக இருக்காது என்று எச்சரித்தார். அதைக் கேட்டு எழுந்த இளைஞர்கள் அதே ஆண்டில் வெல்ஷ் மொழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியும் அவர்களுடைய போர்க்களம் ஆனது.

அன்றைக்கு டிவியில் வெல்ஷ் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பிபிசியும் தனியார் நிறுவனமான ஹெச்டிவியும் இங்கிலீஷ் நிகழ்ச்சிகளுக்கு நடுவே கொஞ்சம் செருகின. அதில் இரண்டு பக்கமும் மனக்குறை. வெல்ஷ் பேசுகிறவர்களுக்கு அது போதவில்லை. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்களுக்கோ அந்தக் கொஞ்சமே தொந்தரவு. தென்கரை ஊர்களில் பலர் கூரையில் இருந்த ஆன்டெனாவை, கடலுக்கு அக்கரையில் இங்கிலாந்தின் சாமர்செட்டில் நிற்கும் மெண்டிப் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். சொந்த மண்ணின் மொழி வீட்டுக்குள் வராமல் இருக்க ஏணி வைத்து ஏறினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வலிக்கிறது. ஆனால் வெல்ஷுக்குத் தனிச் சேனல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அவர்களுடைய எரிச்சலும் பலம் சேர்த்தது.

பிரிட்டனில் நான்காவது சேனல் வரப்போகிறது, வேல்ஸில் அது வெல்ஷுக்கே என்று 1974இல் அரசு அமைத்த கிராஃபோர்ட் குழு பரிந்துரைத்தது. 1979 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியும் அதற்கு வாக்குக் கொடுத்தது. ஜெயித்த சில மாதங்களிலேயே, அது நடக்காது என்று உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா கைவிரித்தார். அந்த அக்டோபரில் மூன்று கல்விமான்கள் பென்காரெக் ஒளிபரப்பு நிலையத்துக்குள் புகுந்து அதை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் மெரெடித் எவன்ஸ். பத்து வருடம் பிபிசி வேல்ஸின் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்குத் தலைவராக இருந்தவர்! தான் உழைத்து வளர்த்த டிவியையே நிறுத்தத் துணியும் அளவுக்கு அவர் மனம் வெந்திருக்க வேண்டும்.

என் பக்கத்து வீட்டுத் தாத்தா அந்தக் காலத்து ஆள். டிவிக்கான லைசென்ஸ் பணத்தைக் கட்ட மாட்டோம் என்று உறுதி எடுத்த சுமார் 2,000 பேரில் ஒருவர். அவர் குரல் தழுதழுப்பது குவின்ஃபோர் எவன்ஸைப் பற்றிப் பேசும்போதுதான். தக்காளி பயிரிட்டவர், போரை எதிர்த்த கிறித்தவர், 1966இல் ப்ளைட் கம்ரி என்ற வேல்ஸ் தேசியவாதக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர். இங்கிலீஷ் பேசும் வீட்டில் பிறந்து, வெல்ஷை வளர்ந்த பிறகு கற்றவர். 1980 மே மாதம், 67 வயதில் அறிவித்தார்: வாக்குறுதியைக் காப்பாற்றாவிட்டால் அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம்.

விருதுநகர்க்காரியான எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவும் சேர்த்துத்தான் 1956இல் சங்கரலிங்கனார் விருதுநகரில் பட்டினி கிடந்து உயிரை விட்டார். அவர் கேட்ட பெயர் அவர் போய்ப் பல வருடம் கழித்தே வந்தது. குவின்ஃபோருக்கு அந்த நிலை வரவில்லை. வேல்ஸ் பேராயரும் மூத்த தலைவர்களும் லண்டனுக்குப் போய் வைட்லாவிடம் நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். செப்டம்பர் 17 அன்று தாட்சர் அரசு இறங்கி வந்தது. ஒருவேளைச் சோறுகூட விடாமல் அவர் ஜெயித்தார்.

எஸ்-ஃபோர்-சி 1982 நவம்பர் 1 அன்று தொடங்கியது. வாரத்துக்கு 22 மணி நேரம் வெல்ஷ், அதுவும் வீட்டில் எல்லாரும் இருக்கிற மாலை நேரத்தில். மற்ற நேரத்தில் சேனல் ஃபோரின் இங்கிலீஷ் நிகழ்ச்சிகள். பிபிசி வாரத்துக்கு 10 மணி நேர நிகழ்ச்சியை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. 'பொபோல் அ கூம்' அப்படித்தான் புதுச் சேனலுக்கு வந்தது. மிச்சத்தை ஹெச்டிவியும் சின்னச் சின்னத் தயாரிப்பு நிறுவனங்களும் எடுத்தன. கார்னார்வன் போன்ற ஒரு சிறு ஊரில் கேமராக்காரருக்கும் எடிட்டருக்கும் தாய்மொழியிலேயே பிழைப்பு கிடைத்தது. இந்தச் சேனல் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஒரு மொழியில் சம்பளம் வந்தால், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று பெற்றோர் கேட்க மாட்டார்கள். 1992இல் வந்த இந்தச் சேனலின் 'ஹெத் வின்' படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தபின் 2010லிருந்து சேனல் முழுக்க வெல்ஷ்.

அதே 2010இல் அரசு மானியம் பெரிதாக வெட்டுப்பட்டது. செலவில் பெரும்பகுதியை பிபிசி லைசென்ஸ் பணத்தின் மேல் ஏற்றினார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி வெல்ஷ் பேசுகிறவர்கள் 5,38,000 பேர், 100க்கு 18 பேர்கூட இல்லை. சேனல் வந்தும் மொழி தேய்கிறதே என்கிறார்கள். இந்தச் சேனலும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன். என் மகள் வெல்ஷ் கற்றது வகுப்பில் மட்டும் இல்லை. 'கியூ' என்ற மஞ்சள் கோழிக்குஞ்சு வரும் எஸ்-ஃபோர்-சியின் காலை நேரக் குழந்தை நிகழ்ச்சிகளிலும்தான்.

தொடங்கிய அன்று எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் ஒரு நாள் கேட்டேன். அன்று மாலை 'சூப்பர்டெட்' கார்ட்டூன் போட்டார்களாம். சிவப்புச் சட்டையில் பறக்கும் பொம்மைக் கரடி. அவருடைய பையனுக்கு அப்போது ஐந்து வயது.

"கரடி வெல்ஷ்ல பேசிச்சு. பையன் ஏதாவது கேப்பான், ஆச்சரியப்படுவான்னு அவன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேம்மா. அவன் ஒண்ணுமே கேக்கல. கரடின்னா வெல்ஷ்தானே பேசும்ங்கற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தான். எனக்குத்தான் தொண்டையை அடைச்சிருச்சு."