ஆவடியில் போட்ட தீர்மானமும் அம்பத்தூர் லேத் பட்டறையும்

ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேரு முன்னிலையில் ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தால் மட்டும் அடுப்பு எரியாது. பின்னால் நடந்த வேலைதான் முக்கியம்.

அப்போது முதல்வர் காமராஜர். 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. பசித்த பிள்ளை சோற்றுக்காகவாவது பள்ளிக்கு வந்தது. வந்த பிள்ளை எழுத்தும் கணக்கும் கற்றது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. ஆட்சி மாறியும் அடுப்பு அணையவில்லை என்பதே இதில் பெரிய செய்தி. பல ஏழை நாடுகளில் நல்ல திட்டங்கள் அடுத்த தேர்தலோடு போய்விடுகின்றன.

இன்னொரு பக்கம் தொழில். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே வந்துவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. சிறுமுதலாளிக்குத் தனியாகக் கிடைக்காத மனை, மின்சாரம், சாலை எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைத்தன. பெரிய ஆலைக்கு வேண்டிய போல்ட்டையும் பிரஸ் பாகத்தையும் பக்கத்துப் பட்டறை செய்து கொடுத்தது. அங்கே கை பழகியவர் பிறகு சொந்தமாக ஒரு லேத் வாங்கிப் போட்டார்.

தென்கொரியாவும் ஏறக்குறைய இப்படித்தான் எழுந்தது: முதலில் பள்ளி, கூடவே ஆலை. ஆனால் இங்கே ஒரு குறை உறுத்துகிறது. பட்டறைகளில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் இளைஞர்களுக்கு அந்த முன்னேற்றத்தின் பங்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.